விடுமுறை வணிகமும் தலைமைப் பயிற்சியும்

(மன்றத்தின் இளைஞர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



"விடுமுறையிலே நீங்கள் நால்வரும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தீர்களாமே, அதைப்பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது நாங்கள் சற்றுத் தயங்கினோம். அந்த அலைச்சலில் நாங்கள் பெருமைப்படத்தக்க காரியமும் செய்தோம். வெட்கப்படத்தக்க காரியமும் ஒன்று செய்தோம். பெரியோர் கூடியிருக்கும் சபையில் முன்னதை மட்டும் சொல்லிப் பின்னதை மறைப்பது முறையன்று. ஆகவே இரண்டையும் சொல்வதென்று முடிவு செய்துகொண்டே இங்கு வந்து நிற்கின்றோம்.

விடுமுறையில் மாணவர் பொருள் விற்றுப் பழகுவது புதிய சங்கதியன்று. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் சவுத்வெஸ்டேர்ன் என்றொரு பிரசுரக் கம்பனி உண்டு. 1855 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ராபின்சன் கிரேவ்ஸ் என்னும் பாப்டிஸ்ற் போதகர் அதனைத் தொடங்கினார். பின்னர் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, தென் மாநிலங்கள் பாழடைந்தன. கலாசாலைச் சம்பளம் கட்ட வழியற்று நின்ற பிள்ளைகளுக்கு ஒரு வழியாக, 1868 இல் அக்கம்பனி மாணவர்களைக் கோடை விடுமுறையில் வேதாகமப் புத்தகங்களை வீடு வீடாக விற்க அனுப்பியது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த வழக்கம் நின்றபாடில்லை. வேதாகமத்தின் இடத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடத்துணை நூல்கள் இருக்கின்றன, அவ்வளவே வித்தியாசம்.

அம்முறை நடக்கும் விதத்தைக் கேளுங்கள். மாணவன் முதலில் நாஷ்வில் நகரில் ஒரு வாரம் பயிற்சி பெறுகின்றான். கதவு திறந்தவுடன் சொல்லவேண்டிய வார்த்தைகளை மனனம் செய்கின்றான். அதன்பின் தன் வீட்டுக்கு வெகு தொலைவிலுள்ள ஏதாவதொரு ஊருக்கு அனுப்பப்படுகின்றான். அங்கே முன்பின் அறியாத ஒரு குடும்பத்தாரிடம் வாடகைக்கு அறை கேட்டுப் பெற்று, வாரத்தில் ஆறு நாளும் விடிந்தது முதல் இருட்டும் வரை கதவு தட்டுகின்றான். அவனுக்கு மாதச் சம்பளம் கிடையாது. புத்தகத்தை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அவன் வருவாய்; சோறும் பெற்றோலும் அவன் செலவு. அடுத்த ஆண்டும் வருபவன் தனக்குக் கீழே புதியவர்களைச் சேர்த்து நடத்தலாம். அவர்களின் விற்பனையில் அவனுக்கும் ஒரு பங்கு வரும். இதைத்தான் அவர்கள் தலைமைப் பயிற்சி என்கின்றார்கள்.

அப்பயிற்சியில் ஒன்றுமில்லையென்று தள்ளிவிட முடியாது. ரெக்சாஸ் மாநில ஆளுநராயிருந்த றிக் பெரி, டென்னசியின் செனற்றர் மார்ஷா பிளாக்பேர்ண் ஆகியோர் மாணவப் பருவத்தில் அக்கம்பனியின் புத்தகப் பையைத் தூக்கியவர்கள். ரெக்சாஸ் கிறிஸ்தவ சர்வகலாசாலையில் படிக்கும்போது கதவு தட்டத் தொடங்கிய ஸ்பென்சர் ஹேய்ஸ் என்பவர் பிற்காலத்தில் அக்கம்பனியின் தலைவராகவே உயர்ந்தார். அவர் சேர்த்துவைத்த ஓவியங்களைத் தம் மனைவியாரோடு சேர்ந்து பாரிஸ் மாநகரின் ஓர்சே நூதனசாலைக்கு 2016 இல் உரிமையாக்கினார். வாசற்படியில் நின்ற பையன் அந்த அளவுக்கு வளர்ந்தான். ஆனால் நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. விற்பவன் கம்பனியின் ஊழியனல்லன், சுயாதீனமாகத் தொழில் செய்பவன் என்றே எழுதிக்கொள்கின்றார்கள். வெளியே சென்று விற்பவர்களுக்குக் குறைந்தபட்ச வேதனம் கொடுக்கவேண்டுமென்று அமெரிக்காவின் 1938 ஆம் ஆண்டுத் தொழிற் சட்டமும் வற்புறுத்தவில்லை. ஆகவே விடுமுறை முழுவதும் உழைத்துக் கடனோடு வீடு திரும்பிய பிள்ளைகளும் உண்டு. அவர்கள் படம் எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

அமெரிக்கா கிடக்கட்டும். நம் பாட்டனார்மாருக்கு இது தெரியாத வித்தையா? யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைகள் ஒரு காலத்தில் தென்னிலங்கையின் சிங்கள ஊர்களிலெல்லாம் இருந்தன. ஊரிலே படிப்பு ஓடாத பையனையும், படித்தும் உத்தியோகம் வாய்க்காத பையனையும் உறவினரின் கடைக்கு அனுப்புவார்கள். அவன் முதலில் கடை கூட்டுவான், தண்ணீர் அள்ளுவான், முதலாளிக்குத் தேநீர் வைப்பான். பிறகு சுருட்டு எண்ணிக் கட்டுவான். சிங்களம் அவனுக்குப் புத்தகத்தில் வந்ததன்று; கடைக்கு வந்தவர்களின் வாயிலிருந்து வந்தது. கடன் கொடுக்கத்தக்கவர் யார், தகாதவர் யார் என்பதை முகத்தைப் பார்த்தே அறிவான். சில வருடங்களில் கடையில் ஒரு பங்கும் கிடைக்கும். அதைத் தலைமைப் பயிற்சி என்று எவரும் பெயர் சூட்டவில்லை. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் நடந்த கலவரங்களில் அக்கடைகள் பல எரிந்துபோயின; எஞ்சியவர்கள் பிள்ளைகளை வைத்தியராக்கவும் கணக்காளராக்கவும் முயன்றார்கள். அவர்களைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்? ஆயினும், கடை மேடையில் நின்று பழகிய ஒரு கலை ஒரு தலைமுறையில் நம்மைவிட்டுப் போயிற்று.

நாங்கள் நால்வரும் மிஷன் பாடசாலைகளில் படித்தவர்கள். இருவர் வெள்ளவத்தை, இருவர் கொட்டாஞ்சேனை. மிஷன் பாடசாலைப் பிள்ளைக்குக் கதவு தட்டுதல் ஓரளவு பழக்கந்தான். சாரணர் வேலை வாரத்தில் அட்டையை நீட்டிக்கொண்டு, "ஏதாவது வேலை இருக்கிறதா அன்ரி?" என்று கேட்டிருக்கின்றோம். கார் கழுவி, முற்றம் கூட்டிப் பணம் வாங்கியிருக்கின்றோம். கொடி விற்றிருக்கின்றோம். களியாட்ட விழாவுக்குச் சீட்டுக் கிழித்திருக்கின்றோம். ஆகவே விற்பனை நமக்குக் கைவந்த கலை என்று நினைத்துக்கொண்டு, விடுமுறையில் ஆள் தேடிய ஒரு புத்தக நிறுவனத்தில் சேர்ந்தோம். (நம் நாட்டில் அமெரிக்கரைப்போலக் கோடை விடுமுறை ஏது? உயர்தரப் பரீட்சைக்கும் சர்வகலாசாலை வாசலுக்கும் இடையே காத்துக் கிடக்கும் மாதங்களும், வருடாந்தப் பரீட்சைக்குப் பின் வரும் வாரங்களுமே நமக்குக் கோடை.) நாங்கள் விற்கவேண்டியவை சிறுவர் அகராதியும் பொது அறிவு நூல்களும் அடங்கிய ஒரு தொகுதி. மாதிரித் தொகுதிக்கு முற்பணம் எங்களிடமே வாங்கினார்கள். அதைத் திருப்பித் தருவார்களா என்று கேட்க எங்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுவே எங்கள் முதற் பிழை.

முதல் நாள் ஹம்டன் ஒழுங்கையில் தொடங்கினோம். அன்று தட்டிய கதவுகள் 31. விற்றது ஒரு தொகுதி. அதுவும் எங்களில் ஒருவருடைய பெரியம்மாவுக்கு! அன்று மாலை கடற்கரைப் பக்கம் புகையிரதப் பாதையோரம் அமர்ந்து யோசித்தோம். சாரணர் சீருடையோடு போனபோது, கேட்டது நாங்களல்ல, சீருடை. கொடி விற்றபோது கேட்டது அநாதைப் பிள்ளைகள். இப்போது எங்களுக்குப் பின்னால் ஒருவருமில்லை. முகத்தைப் பார்த்து, "வேண்டாம் தம்பி" என்று சொன்னால் அது எங்களுக்கே சொன்னது. அந்த "வேண்டாம்" என்பதைக் கேட்டுவிட்டு அடுத்த கதவுக்குச் சிரித்த முகத்தோடு போவதற்கு நாங்கள் அறிந்த எந்தப் பாடசாலையிலும் பாடவேளை இல்லை.

கம்பனியார் தந்த மனனப் பாடம் ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கியது. "வணக்கம் மெடம், உங்கள் பெறுமதிமிக்க நேரத்தில் மூன்று நிமிடங்கள்" என்று அது தொடங்கும். வெள்ளவத்தையில் அதைச் சொன்னவுடன் கேற் மூடப்படும். மூன்றாம் நாள் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, "அன்ரி, வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கினமா?" என்று கேட்டோம். "நீங்கள் ஆற்றை பிள்ளையள்? எந்த ஊர்?" என்று மறுகேள்வி வந்தது. ஊரைச் சொன்னோம். கேற் திறந்தது; தேநீரும் வந்தது. சிங்களவர் வீடுகளில் எங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பேசினோம். எங்கள் பிழைகளைத் திருத்தித் தந்த ஒரு மூதாட்டியார், திருத்தியதற்குக் கூலியாக ஒரு புத்தகத்தை இலவசமாகக் கேட்டார்! ஆனாலும் தொடர்மாடிகளில் காவலாளியைத் தாண்டுவதே பெரும்பாடு. மேலே ஏறினாலும் கதவின் சிறு துவாரத்தில் ஒரு கண் தெரியும். பின்பு அந்தக் கண்ணும் மறையும்.

அந்தக் கண்ணைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். எங்களில் ஒருவர் சினங்கொண்டு, "நம் சனங்களுக்குப் பண்பில்லை" என்றார். அதற்கு அன்றிரவு அவருடைய பாட்டனார் சொன்ன பதில் எங்கள் வாயை அடைத்தது. 1983 ஆடியில் இதே காலி வீதியில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது கதவு தட்டப்பட்டது. யுத்த காலத்தில் அடையாள அட்டை பார்க்கவும் பதிவு பார்க்கவும் கதவு தட்டப்பட்டது. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் தங்கியிருந்த 300 க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கிற்கும் கிழக்கிற்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு கொடுக்கவேண்டியதாயிற்று. அக்காலத்தில் கதவு தட்டும் சத்தத்துக்கு இந்த ஊரில் வேறு அர்த்தம் இருந்தது. அதன்பின் நாங்கள் துவாரத்துக்கு நேரே, முகம் தெரியும்படி இரண்டடி பின்வாங்கி நின்றோம். மாலை ஆறு மணிக்குப் பின் எந்தக் கதவையும் தொடவில்லை. இது கம்பனியின் தாளில் இல்லாத பாடம்.

இனி வெட்கக்கேட்டைச் சொல்கின்றோம்.

இரண்டாம் வார முடிவில் எங்களுள் ஒருவர் மற்ற மூவரையும்விட அதிகம் விற்றிருந்தார். கம்பனியார் அவரையே எங்கள் குழுத் தலைவராக நியமித்தார்கள். எங்கள் விற்பனையிலும் அவருக்கு ஒரு சிறு தரகு உண்டு. நால்வரில் மிகக் குறைவாக விற்றவர் கொட்டாஞ்சேனைத் தங்கை. அவர் ஒவ்வொரு வீட்டின் இலக்கத்தையும், வீட்டாரின் பெயரையும், என்ன பேசினார்கள் என்பதையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார். "இதென்ன குடிசன மதிப்பா?" என்று நாங்கள் அவரைக் கேலி செய்தோம்.

கொட்டாஞ்சேனையில் புதுச்செட்டித் தெருவுக்கும் ஜம்பட்டா வீதிக்கும் இடையே ஒரு வீட்டில் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் எங்களை அழைத்து அமரச்செய்தார். தொகுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது கல்வித் திணைக்களம் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குச் சிபாரிசு செய்த நூல் என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னீர்களாமே. எந்தச் சுற்றறிக்கை, எத்தனையாம் இலக்கம்?" என்று அமைதியாகக் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஏனென்றால் அப்படி ஒரு சிபாரிசே இல்லை. எங்கள் தலைவர்தான் அந்த வசனத்தைப் புனைந்து, அதனாலேயே அதிகம் விற்றிருந்தார். அதைவிடக் கொடுமை என்னவென்றால், மற்ற இருவரும் அதை ஒரு வாரமாக அறிந்திருந்தோம். அறிந்தும் பேசாதிருந்தோம். வாராந்த இலக்கு எட்டுகிறது, தரகு வருகிறது, நாம் ஏன் வாய் திறப்பான் என்றிருந்தோம். வாங்கியவர்களோ பணக்காரரல்லர். ஒரு தாய் தையற் கூலியிலிருந்து இரண்டு தவணையாகப் பணம் தந்திருந்தார்.

அன்று மாலை பொன்னம்பலவாணேசர் கோயில் வெளி வீதியில் நால்வரும் கூடினோம். "இனிமேல் அப்படிச் சொல்லாமல் விட்டால் போதும்" என்பதே மூவர் கட்சி. அந்தத் தங்கை ஒன்றும் பேசாமல் கொப்பியைத் திறந்து, அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கிய வீடுகளுக்குச் சிவப்பு மையால் புள்ளடி போட்டார். 9 வீடுகள். "நாளை காலை எட்டரைக்கு முதல் வீடு" என்றார். அவ்வளவுதான். அந்த நேரத்தில் எங்களுக்குத் தலைவர் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கம்பனியாரின் நியமனக் கடிதம் மற்றவர் சட்டைப்பையில் இருந்தது!

மறுநாள் ஒன்பது வீட்டுக்கும் போனோம். பொய் சொன்னவரே ஒவ்வொரு வாசலிலும் தம் வாயால், "நாங்கள் சொன்னது உண்மையல்ல. புத்தகம் நல்ல புத்தகம். ஆனால் திணைக்களச் சிபாரிசு அதற்கு இல்லை. வேண்டாமென்றால் பணத்தைத் தருகின்றோம்" என்றார். முதல் வீட்டில் அவர் குரல் எழும்பவில்லை. நான்காம் வீட்டில் ஒரு பெரியவர் நன்றாக ஏசினார். ஏச்சு முடியும் வரை தலை குனிந்து நின்றோம். ஐந்து வீட்டார் புத்தகத்தை வைத்துக்கொண்டார்கள். மூவர் திருப்பித் தந்தார்கள். அவர்களுள் அந்தத் தையற் தாயாரும் ஒருவர். ஒரு வீடு பூட்டிக் கிடந்தது, மூன்று நாள் போயும் ஆளைக் காணவில்லை, கடிதம் போட்டோம். கம்பனியாரோ விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மூவருக்கும் கொடுத்த பணம் எங்கள் தரகிலிருந்து போயிற்று. அமெரிக்காவில் வீட்டு வாசலில் வாங்கிய பொருளை மூன்று வேலை நாட்களுக்குள் வாங்கியவர் வேண்டாமென்று சொல்லலாம் என 1972 இல் ஒரு விதி செய்தார்கள். எங்கள் பற்றுச்சீட்டில் அப்படியொரு வரி இருக்கவில்லை. நான்காம் வார முடிவில் கணக்குப் பார்த்தபோது நால்வருக்கும் மிஞ்சியது பஸ் செலவை விடச் சிறிதே அதிகம்.

பொய் சொன்ன நண்பர் இந்தச் சபையில்தான் அமர்ந்திருக்கின்றார். அவருடைய சம்மதத்தோடுதான் இவ்வளவும் சொன்னோம். சொல்லும்படி வற்புறுத்தியவரும் அவரே.

இங்கே இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். "தலைமைப் பயிற்சி", "இளம் தொழில் முனைவோர்" என்ற பெயரில் மாணவரைக் கூட்டி நட்சத்திர விடுதி மண்டபங்களில் பேசும் சிலர் இருக்கின்றார்கள். அங்கே விற்கும் பொருள் பெயரளவில் ஒன்று இருக்கும். ஆனால் பணம் வருவது பொருளை விற்பதால் அல்ல. உங்களுக்குக் கீழே இருவரையும், அவர்களுக்குக் கீழே நால்வரையும் பணம் கட்டிச் சேர்ப்பதால். பிரமிட் திட்டம் என்று இதனைச் சொல்வார்கள். கணக்கு எளிது. ஒவ்வொருவரும் இருவரைச் சேர்த்தால் பத்தாம் படியில் 1,024 பேர் வேண்டும், இருபதாம் படியில் பத்து லட்சத்துக்கு மேல் வேண்டும். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் சேர்ந்தாலும் அத்தனை பேர் எங்கே? கடைசியில் சேர்ந்தவர் பணம் போனது போனதுதான். 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கிச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட 83 சி பிரிவின்படி, இலங்கையில் இத்திட்டத்தைத் தொடங்குவதும் நடத்துவதும் குற்றம். மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டு வருகின்றது. எங்களோடு படித்த சிலர் வீட்டு நகையை அடகு வைத்துச் சேர்ந்தார்கள். சேர்த்துவிட்டவர்கள் அவர்களின் சொந்த மைத்துனரும் தோழருமே. ஆகையால் காசோடு உறவும் போயிற்று.

முறையான வேலைக்கும் விதிகள் உண்டு. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி நேரம் என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுக்கின்றது. 1958 முதல் ஊழியர் சேமலாப நிதியும் இருக்கின்றது. விடுமுறை வேலைக்குப் போகும் தம்பி தங்கையர், "எனக்கு நியமனக் கடிதம் உண்டா? நான் ஊழியனா, தரகுக்காரனா? விற்காத பொருளை யார் ஏற்பது?" என்ற கேள்விகளை முதல் நாளே கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நாங்கள் வெட்கப்பட்டதன் விலை முற்பணம் முழுவதும்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "பட்டப்படிப்புப் படிக்கிற பிள்ளை சாமான் விற்பதா?" என்று கேட்காதீர்கள். ஆறுமுக நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். அவர் 1849 இல் தமிழகம் சென்று அச்சியந்திரம் வாங்கி வந்து, பாலபாடங்களை அச்சிட்டு வெளியிட்டார். அச்சிட்ட புத்தகம் பிள்ளைகளின் கையிற் சேர வேண்டுமே! கடதாசி விலை, அச்சுக் கூலி என்பவற்றைப் பார்க்காமல் அந்தப் பணி நடந்திருக்க முடியாது.

இறுதியாக ஒரு யோசனையை மன்றத்தின் முன் வைக்கின்றோம். நம் ஆண்டு மலருக்கு விளம்பரம் சேர்க்கும் வேலையை இதுவரை செயற்குழுவிலுள்ள மூன்று பெரியவர்களே தோளில் சுமக்கின்றார்கள். புறக்கோட்டையிலும் செட்டியார் தெருவிலும் முதலாளிமார் அவர்களை நன்கு அறிவார்கள். அவர்கள் முகத்துக்காகவே பணம் தருகின்றார்கள். அந்த வேலையை வரும் விடுமுறையில் இளைஞர் வட்டத்திடம் தாருங்கள். இருவர் இருவராகப் போவோம். ஒவ்வொரு சோடியிலும் சிங்களம் நன்கு பேசுபவர் ஒருவர் இருப்பார். முதல் வாரம் ஒரு பெரியவர் கூட வரட்டும். அவர் பேசுவதை நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்போம். அதன்பின் நாங்கள் பேச அவர் கேட்கட்டும். மலர் எத்தனை பிரதி அச்சாகும், எங்கெங்கே போகும் என்பதில் உள்ளதை மட்டும் சொல்வோம். முழுப்பக்கம் கேட்டு, கால் பக்கம் கிடைத்தாலும் நன்றி சொல்லிப் பற்றுச்சீட்டுக் கொடுப்போம். கணக்குக் கொப்பி ஒவ்வொரு ஞாயிறு மாலையும் இந்த மேசையில் விரித்து வைக்கப்படும்; யாரும் பார்க்கலாம்.

கொப்பியை யார் எழுதுவது என்பதில் எங்களுக்குள் வாக்கெடுப்பு நடக்கவில்லை. அந்தத் தங்கை சிவப்பு மைப் பேனையோடு வாசலருகே அமர்ந்திருக்கின்றார். சேர விரும்புகின்றவர்கள் போகும்போது அவரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கின்றோம்.